சிவில் வழக்கில் டிடெக்டிவ் திரட்டும் ஆதாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்திலும் நகர உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்கு நடத்துகிறேன். டிடெக்டிவ் வைப்பதைப் பற்றிக் கட்சிக்காரர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பலர் பணத்தைக் கட்டி, படங்களையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் வந்து கேட்கிறார்கள். முன்னதாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

"டிடெக்டிவ் வைக்கிறது சட்டப்படி சரியா மேடம்? அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"

வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆனால் 'அரசு லைசென்ஸ் பெற்ற துப்பறியும் நிறுவனம்' என்று போர்டு இருந்தால், அந்த லைசென்ஸ் எதற்கானது என்று கேளுங்கள். துப்பறியும் தொழிலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா அறிமுகமானது, அது சட்டமாகவில்லை. 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்கானது. ஜிஎஸ்டி எண், கம்பெனிப் பதிவு எல்லாம் வியாபாரம் நடத்துவதற்கான காகிதங்கள். துப்பறியத் தெரியும் என்பதற்கு அவை சான்று ஆகாது.

"போலீஸ் மாதிரி ஏதாவது அதிகாரம் உண்டா?"

எதுவும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் உள்ள உரிமைதான் அவருக்கும். பொது இடத்தில் நிற்கலாம், கண்ணால் பார்த்ததைக் குறித்துக்கொள்ளலாம், மனமுவந்து பேசுபவரிடம் பேசலாம், பொதுவில் கிடைக்கும் ஆவணத்தை எடுக்கலாம். வீட்டுக்குள் நுழையவோ, ஒருவரை நிறுத்தி விசாரிக்கவோ, பையைத் திறக்கவோ முடியாது. 'இ.பி.யிலிருந்து வருகிறேன்', 'கார்ப்பரேஷன் ஆள்' என்று அரசு ஊழியராக நடித்தால் அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். அப்படி நடித்து வாங்கிய தகவலை வைத்து வழக்கு நடத்தினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

"எந்த மாதிரி கேஸுக்கு இவங்க உதவுவாங்க?"

விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு ஆகியவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வாடகை வழக்கில் உள்வாடகை, பாகப்பிரிவினையில் மறைத்த சொத்து, பணம் கொடுக்காமல் முகவரி மாறிப்போனவரைத் தேடுவது, வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனி நடத்தும் பழைய ஊழியர் என்று மற்ற வகைகளும் நிறைய உண்டு. சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனிகளே ஆள் அனுப்பி, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலும் எஃப்ஐஆரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கின்றன. போலிச் சரக்கு வழக்குகளில் ரிச்சி தெரு, பர்மா பஜார் போன்ற இடங்களில் வாடிக்கையாளராகப் போய்ப் பொருளை வாங்கி, பில்லோடு கொண்டுவருவது வழக்கமான வேலை. உயர் நீதிமன்றத்தில் 2023-ல் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு தனியாக வந்தபின் இந்த வகை வழக்குகள் பலவும் அங்கே போகின்றன.

"அவங்க உண்மையில என்னதான் செய்வாங்க? பின்னாடியே போவாங்களா?"

நல்ல டிடெக்டிவ் முதலில் காகிதத்தைப் பார்ப்பார். பின்தொடர்வது கடைசியாக வரும் வேலை, செலவும் அதில்தான் அதிகம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம், வருவாய்த்துறைத் தளத்தில் பட்டா, சென்னை நகர நிலமென்றால் டவுன் சர்வே பதிவேட்டு நகல், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் யார் எந்தக் கம்பெனிக்கு டைரக்டர் என்ற விவரம், ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் வழக்குகள், வாக்காளர் பட்டியலில் முகவரி. இவை அனைத்தும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை. இவற்றின் சான்றிட்ட நகலை நீதிமன்றம் எளிதாக ஏற்கும். எடுத்துத் தந்தவர் சாட்சிக்கு வரவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது.

அதன்பின் அக்கம்பக்க விசாரிப்பு. இஸ்திரி போடுபவர், பால்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்வதெல்லாம் எங்கே தேடுவது என்று வழிகாட்டும் தகவல்கள், ஆதாரங்கள் அல்ல. 'வாட்ச்மேன் சொன்னார் என்று டிடெக்டிவ் சொன்னார்' என்பது செவிவழிச் செய்தி. வாட்ச்மேனே கூண்டில் ஏறிச் சொன்னால்தான் அது சாட்சியம்.

பிறகுதான் நேரில் கண்காணிப்பது. எந்த நாள், எந்த நேரம், எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதல் இரண்டு படிகளில் தெரிந்துகொண்டு போனால் இரண்டொரு நாள் போதும். தெரியாமல் போனால் பத்து நாள் நின்றாலும் கைக்கு எதுவும் வராது.

"கடையை வாடகைக்கு விட்டேன். அவர் வேற யாருக்கோ கொடுத்துட்டார். கேட்டா 'அவர் என் பார்ட்னர்'ங்கிறார். எப்படி நிரூபிப்பேன்?"

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். கடை முழுக்க வேறொருவரின் கைவசத்தில் இருப்பதை நீங்கள் காட்டிவிட்டால், அவர் எந்த உரிமையில் அங்கே இருக்கிறார் என்று விளக்குவது வாடகைதாரரின் பொறுப்பாகிவிடும். புரசைவாக்கத்தில் ஒரு எலெக்ட்ரிகல் கடை என்று வைத்துக்கொள்வோம். டிடெக்டிவின் குறிப்பு இப்படி இருக்கவேண்டும்:

'காலை 9.20, எதிர்ச்சாரி மருந்துக்கடை வாசலில் நிற்கிறேன். ஷட்டரைத் திறந்தவர் கட்டம் போட்ட சட்டைக்காரர், வாடகைதாரர் அல்ல. 9.40, சரக்கு ஆட்டோ வந்தது, பெட்டிகளில் வேறு கடைப்பெயர். 11.05, உள்ளே போய் ஒரு டார்ச் லைட் வாங்கினேன். பில் பெற்றேன். கல்லாவில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் செலுத்தினேன். வந்த பெயர் வேறு. 1.30 முதல் 2.15 வரை சாப்பிடச் சென்றிருந்தேன்.'

இந்த டார்ச் லைட் பில்தான் வழக்கின் உயிர். அதில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால், அந்தப் பதிவு யார் பெயரில், எந்த முகவரியில் என்று வந்துவிடும். கூட்டு வியாபாரம் என்றால் கூட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கவேண்டும். தனியாள் பெயர் இருந்தால் 'பார்ட்னர்' கதை அங்கேயே ஆட்டம் காணும். பத்து நாள் வீடியோவைவிட இந்த ஒரு காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

"போட்டோ, வீடியோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. அதை பிரிண்ட் போட்டுக் கொடுத்தா போதாதா?"

போதாது. நிறைய பேர் இடறுவது இங்கேதான். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணு ஆவணத்தின் நகலையோ பிரிண்ட்டையோ தாக்கல் செய்தால், அதன் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று சொன்னதன் வாரிசு இது. 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அசல் கருவியையே கொண்டுவந்து, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி நிரூபித்தால் மட்டும் சான்றிதழ் தேவைப்படாது.

புதிய சான்றிதழில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் கருவியைக் கையாண்டவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். இரண்டிலும் ஃபைலின் ஹாஷ் மதிப்பை, அதாவது அந்த ஃபைலிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது, எப்போது எடுத்தது என்பது போன்ற உள்விவரங்களும் போய்விடுகின்றன. அதனால் உங்கள் போனுக்கு வந்த படம் அசலின் நிழல்தான். படம் எடுத்த போனோ மெமரி கார்டோ யாரிடம் இருக்கிறது, வழக்கு முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பார்களா என்பதை டிடெக்டிவிடம் முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

பக்கத்துக் கடையின் சிசிடிவி காட்சிக்கும் இதே விதிதான். சான்றிதழின் முதல் பகுதியில் அந்தக் கடைக்காரர் கையெழுத்திட வேண்டும். காட்சியைப் பதிவுசெய்யும் டிவிஆர் கருவியில் பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே வரும். ஆகவே தாமதிக்காமல், காட்சியைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நீதிமன்றத்தில் மனு போட்டு வரவழைக்கலாம்.

"ரிப்போர்ட் ஸ்பைரல் பைண்டிங்ல அழகா கொடுத்திருக்காங்க. அதை அப்படியே கோர்ட்ல ஆதாரமா மார்க் பண்ண முடியுமா?"

ரிப்போர்ட் தானாகப் பேசாது. அதை எழுதியவர் வரவேண்டும். எழுதியவர் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து டைப் செய்த முதலாளி அல்ல, மருந்துக்கடை வாசலில் நின்ற ஆள். முதல் விசாரணையை அவர் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யலாம். குறுக்கு விசாரணைக்கு நேரில் ஏறித்தான் ஆகவேண்டும். வராவிட்டால் அந்த ரிப்போர்ட்டுக்குப் பெரிய மதிப்பு இருக்காது.

குறுக்கு விசாரணையில் வரும் கேள்விகள் இந்த ரகம்: 'நீங்கள் நின்ற இடத்துக்கும் ஷட்டருக்கும் எத்தனை அடி? நடுவில் பஸ் ஸ்டாப் இருக்கிறதே, பஸ் நின்றபோது எப்படிப் பார்த்தீர்கள்? வாடகைதாரரின் முகம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருடைய போட்டோவை உங்களுக்குக் கொடுத்தது யார்? இந்த வேலைக்கு எவ்வளவு வாங்கினீர்கள்?' பணம் வாங்கியதை ஒளிக்கக் கூடாது. கூலி வாங்கியவர் என்பதால் மட்டும் அவர் சாட்சியத்தைத் தள்ளிவிட மாட்டார்கள், எச்சரிக்கையோடு பார்ப்பார்கள். அந்த எச்சரிக்கையைத் தாண்ட உதவுவது பில், ஜிஎஸ்டி பதிவு போன்ற தனி ஆதாரங்கள். '1.30-க்குச் சாப்பிடப் போனேன்' என்று எழுதியவரை நீதிபதி நம்புவார். எட்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தேன் என்பவர் முதல் ஐந்து கேள்வியிலேயே சாய்ந்துவிடுவார்.

ஆகவே ஏஜென்சியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'கண்டுபிடிப்பீர்களா?' என்பதல்ல, 'கோர்ட்டுக்கு யார் வருவார்?' என்பது. வரமாட்டோம் என்று சொல்லும் ஏஜென்சியின் வேலை உங்கள் மன நிம்மதிக்கு வேண்டுமானால் உதவும், வழக்குக்கு உதவாது.

"கால் டீட்டெய்ல்ஸ், பேங்க் பேலன்ஸ் எல்லாம் எடுத்துத் தர்றோம்னு சொல்றாங்களே?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். யார் யாருடன் எப்போது பேசினார் என்று காட்டும் கால் விவரப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனத்திடம் சட்டப்படி பெறும் வழி தனியாருக்குக் கிடையாது. 2018-ல் மகாராஷ்டிரத்தின் தானே போலீஸ், கால் விவரங்களைக் கள்ளத்தனமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்களையே கைது செய்தது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதற்கெல்லாம் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. காசு கொடுத்து வாங்கச் சொன்னவரையும் போலீஸ் தேடி வரும்.

வங்கிக் கணக்கு வழக்குக்குத் தேவை என்றால் நேர்வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி ஆவணத்தோடு வரும்படி வங்கி மேலாளருக்குச் சம்மன் கேட்டு மனு போடலாம். 1891-ம் ஆண்டின் வங்கியாளர் பதிவேடுகள் சாட்சியச் சட்டத்தின்படி சான்றிட்ட நகல் வந்தாலே போதும். எந்த வங்கி, எந்தக் கிளை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மனைவி பேசினதை ரெக்கார்ட் பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே? அப்போ போன்ல ஆப் போட்டுடலாமா?"

இரண்டும் ஒன்றல்ல. 2025 ஜூலையில் விபோர் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, கணவன் தன் மனைவியோடு தானே பேசிய உரையாடலின் பதிவை. கணவன், மனைவிக்கு இடையே நடக்கும் வழக்கில் அதை ஆதாரமாகக் கொடுக்கலாம் என்றது. மனைவி வேறொருவரிடம் பேசுவதை ஒட்டுக்கேட்கலாம் என்று அது சொல்லவில்லை.

2024 அக்டோபரில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த கால் விவரங்களை ஏற்க மறுத்தது. கணவன், மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்தது ஆதாரமாகாது என்றது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14-ம் பிரிவு, வழக்கமான சாட்சிய விதிகளுக்குள் வராததையும் பார்க்க நீதிபதிக்கு இடம் தருகிறது. அதை நம்பி உளவு ஆப் போட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றவாளியாக நிற்கப்போவது நீங்கள். ஆதாரம் ஏற்கப்படுமா என்பது ஒரு கேள்வி. எடுத்த முறைக்குத் தண்டனை உண்டா என்பது வேறு கேள்வி. முதலாவதில் ஜெயித்து இரண்டாவதில் மாட்டிக்கொள்ளவும் முடியும்.

"லேடீஸை ஃபாலோ பண்ணா கேஸ் ஆகாதா?"

ஆகலாம். பின்தொடர்ந்து போய், அவர் விரும்பவில்லை என்று காட்டிய பிறகும் தொடர்புகொள்ள முயல்வது, அவருடைய இணையம், மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவில் குற்றம். அந்தரங்கமான நிலையில் படம் எடுப்பது 77-ல் வரும். தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டின் பெண் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. டிடெக்டிவ் என்ற அடையாள அட்டை இதிலிருந்து விலக்குத் தராது. ஹோட்டல் வாசலில் யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று தெருவிலிருந்து பார்த்துக் குறிப்பது வேறு, ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டுவது வேறு.

"அவருக்கு வருமானமே இல்லைன்னு கோர்ட்ல சொல்றார். ஆனா புது கார்ல போறார், மேடம்."

ஜீவனாம்ச வழக்கில் நான் முதலில் சொல்வது, டிடெக்டிவைத் தேடுவதற்கு முன் அவருடைய சொத்துப் பிரமாணப் பத்திரத்தைக் கவனமாகப் படியுங்கள் என்பதுதான். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் அதில் என்ன எழுதினாரோ, அதற்கு முரணானதைத் தேடுவதுதான் டிடெக்டிவின் வேலை. கார் யார் பெயரில், வேலை இல்லை என்பவர் தினமும் காலையில் ஓ.எம்.ஆரில் எந்த அலுவலகத்துக்குள் போகிறார், அவர் பெயரில் கம்பெனி உண்டா. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், மீதியைக் குறுக்கு விசாரணையும் வங்கிச் சம்மனும் பார்த்துக்கொள்ளும்.

குழந்தைகளை நம்பி வாழ்க்கையை ஓட்டும் பெண்கள் நகையை அடகு வைத்து ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மேலே சொன்ன காகிதத் தேடலில் பெரும்பகுதியை உங்கள் வக்கீலின் ஜூனியரே செய்துவிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவியும் உண்டு.

"குழந்தை என்னோடதுதானான்னு சந்தேகம். டிடெக்டிவ் முடியை எடுத்து டெஸ்ட் பண்ணித் தர்றேங்கிறார்."

வேண்டாம். திருமணம் நிலைத்திருந்த காலத்தில் பிறந்த குழந்தை கணவனின் குழந்தை என்றே சட்டம் கொள்கிறது. அந்தக் காலத்தில் இருவரும் கூடும் வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அது மாறும். டிஎன்ஏ சோதனையைச் சாதாரணமாக உத்தரவிடக் கூடாது, குழந்தையின் நலனைப் பார்க்கவேண்டும் என்று 2023-ல் அபர்ணா ஃபிரோடியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருட்டுத்தனமாக எடுத்த முடி யாருடையது என்பதையே நிரூபிக்க முடியாது. அந்தச் சந்தேகம் மட்டும் அந்தக் குழந்தையின் காதில் விழுந்து வாழ்நாள் முழுக்க நிற்கும்.

"பணம் தரணும்னு கோர்ட்ல டிகிரி வாங்கி ஒரு வருஷமாச்சு, பணம் வரல. அவர் சொத்து எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

பண டிகிரி 30 நாள் நிறைவேறாமல் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 41-ன்படி சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரச்சொல்லி மனு போடலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. இதை முதலில் செய்யுங்கள்.

டிடெக்டிவைப் பயன்படுத்துவதென்றால் அவருக்குத் துப்பு கொடுங்கள். வில்லங்கம் தேடுவது சர்வே எண்ணையோ ஆவண எண்ணையோ கொண்டு. வெறும் பெயரைச் சொல்லி 'தமிழ்நாடு முழுக்க அவர் சொத்தை எடுத்துத் தருகிறேன்' என்பவரை நம்பாதீர்கள். அவருடைய சொந்த ஊர், மனைவியின் ஊர், பழைய கடன் பத்திரத்தில் ஜாமீனாகக் காட்டிய மனை, வீட்டுவரி ரசீது இவற்றிலிருந்துதான் சர்வே எண் கிடைக்கும்.

"எதிர்த்தரப்பு எங்க டிடெக்டிவைக் கூப்பிட்டு, நாங்க பேசினதையெல்லாம் கேட்க முடியுமா? கிடைச்சது எனக்கே பாதகமா இருந்தா?"

வக்கீலிடம் நீங்கள் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. டிடெக்டிவிடம் பேசியதற்கு அப்படி இல்லை. அவர் கூண்டில் ஏறிவிட்டால், நீங்கள் என்ன சொல்லி அனுப்பினீர்கள், வேறு என்னென்ன படங்கள் எடுத்தார் என்றெல்லாம் கேட்பார்கள். அதனால்தான் பல வழக்குகளில் வக்கீல் எழுத்துமூலம் கேள்விகளைக் கொடுத்து வேலையை ஒப்படைக்கிறோம். 'இந்தக் கடையில் யார் வியாபாரம் செய்கிறார் என்று பாருங்கள்' என்று எழுதியதை யார் படித்தாலும் கவலையில்லை. 'அவரை எப்படியாவது மாட்டவைக்கணும்' என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வெளியே வந்தால் வழக்கே திசைமாறும்.

பாதகமானதை எல்லாம் நீங்களே முன்வந்து கொடுக்கவேண்டும் என்றில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் பக்கங்களைக் கிழிப்பது, வீடியோவை வெட்டி ஒட்டுவது, கேட்டால் இல்லை என்று பொய்ச் சத்தியம் செய்வது மூன்றும் குற்றத்தில் முடியும். பாதகமான செய்தி கிடைத்தால் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள். சமரச மையத்தில் பேசி முடிக்க அதைவிட நல்ல சமயம் அமையாது.

"ஃபீஸ் எப்படிப் பேசணும்? ஜெயிச்சா பர்சென்ட்டேஜ்னு கேட்கிறாங்க."

ஜெயித்தால் பங்கு என்பதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தீர்ப்பில் பங்குள்ளவரின் சாட்சியத்தை யாரும் மதிக்கமாட்டார்கள். நாள் கணக்கிலோ வேலைக் கணக்கிலோ பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யார் களத்துக்குப் போவார், அசல் ஃபைல்களை யார் வைத்திருப்பார், 63(4) சான்றிதழில் யார் கையெழுத்திடுவார், சாட்சிக்கு வரும் நாளுக்கு என்ன செலவு ஆகியவை அதில் இருக்கவேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

"என் பின்னாடியே யாரோ வர்றாங்க மேடம். அவர் வீட்டுக்காரங்கதான் ஆள் வெச்சிருக்காங்க போல. நான் என்ன பண்றது?"

பயமாக இருந்தால் உடனே 112, அல்லது பெண்கள் உதவி எண் 181. நீங்கள் நேராகப் போய்ச் சண்டை போடவேண்டாம். வண்டி எண், தேதி, நேரம், இடம், ஆள் அடையாளம் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து, போனிலேயே அழிக்காமல் வையுங்கள். கூடவே ஒரு தோழியோ அக்காவோ பார்த்திருந்தால் அவர் பெயரையும் குறியுங்கள். பிறகு பகுதி மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள்.

அந்த நோட்டையும் ரசீதையும் உங்கள் வக்கீலிடம் கொடுத்து வையுங்கள். நாளை அந்த ஆள் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து, 'தெருவில் நின்று பார்த்தேன், வேறொன்றும் செய்யவில்லை' என்று சொன்னால், எந்தத் தேதியில் எந்த மாடிப்படியில் நின்றார் என்று கேட்பதற்கு அது வேண்டும்.